ரெம்

புதுக் கம்ப்யூட்டரில் ஆபீஸ் இல்லை.
வருஷா வருஷம் காசு கட்ட
நான் என்ன அவனுக்குக் குத்தகைக்காரனா என்றார் குரியாச்சன்.
சும்மா கிடைப்பதைப் போட்டுக்கொள்.
போட்டேன்.

வெள்ளிக்கிழமை, கம்பம்மெட்டு.
செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் மழை,
அந்தப் பக்கம் பள்ளத்தில் நல்ல வெயில்.
கீழே ஸ்டோரில் ஏலக்காய் காய்கிறது.
அந்தச் சூடு மாடியேறி
கீபோர்டு வரை வந்துவிடும்.
நாளைக்குச் சம்பளம்.

திவாகரன் செய்து வைத்துவிட்டுப் போன பைல்.
மேலே ஒரு பச்சைப் பொத்தான்: கூலி போடு.
ஆறு வருஷமாக நான் கற்ற கணக்கு
அதை அழுத்துவதுதான்.
இன்றும் அழுத்தினேன்.
உள்ளே போனது, வெளியே வந்தது,
கரண்ட் போன லிப்டின் பொத்தான் மாதிரி.

தொகை நின்ற கட்டங்களில் எல்லாம்
#நேம்?
#நேம்?
#நேம்?
முப்பத்தெட்டு வரிசைக்கும்.

இந்தப் பைலில் யாருக்கும் பெயர் கிடையாது.
டோக்கன் நம்பர்தான்.
கேட்டதற்கு மரியாதையாக
நூற்றுப்பதினான்கு, ஒச்சம்மா, சுருளிப்பட்டி, என்றேன்.
நூற்றிருபது, பவுன்தாய்.
நூற்றிருபத்தொன்று அவள் நாத்தனார்,
கோபம் வந்தால் தனி ஜீப்பில் வருவாள்.

கேள்வி எனக்கில்லை, தெரியும்.
'கூலி' என்று திவாகரன் பெயர் வைத்த கணக்கு
இந்த மென்பொருளுக்குப் பிடிபடவில்லை.
கூலி என்றால் என்ன?
அவ்வளவுதான் அதன் சந்தேகம்.

ஷார்ஜாவுக்குப் போன் போட்டேன்.
அங்கே வெள்ளி லீவு. எடுக்கவில்லை.

மேக்ரோவைத் திறந்தேன்.
எல்லாம் இருந்தது, ஒரு வரி சாகவில்லை.
ஆனால் வரிக்கு வரி முன்னால்
'ரெம்' என்று ஒட்டியிருந்தது.
ரெம் என்றால்
இதை ஓட்டாதே, வாசி.

ஓடிய காலத்தில் எட்டிப் பார்த்ததில்லை.
நின்ற பிறகு வாசித்தேன், டீ ஆறும்வரை.
நாள் கூலி நானூற்று ஐம்பது.
ஞாயிறு என்றால் ஒன்றரை.
அட்வான்ஸ் கழி.
பிறகு நாற்பத்தோராவது வரி:
எட்டு மணி தாண்டினால் கால் நாள் குறை.

அதன் பக்கத்தில், ஓடாத எழுத்தில்,
திவாகரன் ஒரு குறிப்பு வைத்திருந்தான்.
'ஸார் சொன்னது. நான் சொன்னேன், கேட்கலை.'
அதற்கு முன்னாலும் இப்போது ஒரு ரெம்.

இந்த வாரம் எட்டு மணி தாண்டியது மூன்றாம் ஜீப்.
நான்கு நாள்.
ஏற்றத்தில் கொதித்து நிற்கும், தண்ணீர் ஊற்றவேண்டும்.
பதினான்கு பேர் இறங்கிக் காத்திருப்பார்கள்.
ஆர்.சி. புத்தகம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது,
குரியாச்சன் பெயரில்.

ராத்திரி பதினொன்றுக்கு உட்கார்ந்து
வரி வரியாக அதை பார்முலாவாக மாற்றினேன்.
தேதி எல்லாம் இடதுபக்கம் சாய்ந்து
எழுத்தாகிப் போயிருந்தது, அதையும் நிமிர்த்தினேன்.
நாற்பதிலிருந்து நேராக
நாற்பத்திரண்டுக்குப் போனேன்.
#நேம்? ஒவ்வொன்றாக உதிர்ந்து
தொகை முளைத்தது.

காலையில் மொத்தத்தைப் பார்த்தார்.
'எந்தா, ஆறாயிரத்து முந்நூறு கூடுதல்?'
பழைய மேக்ரோ
இந்த மென்பொருளில் முழுசாக ஓடாது சார், என்றேன்.
அதில் ஒரு பொய்யும் இல்லை.
காசு கொடுத்து வாங்கினால் ஓடுமா?
ஓடும் சார். வருஷத்துக்கு இவ்வளவு ஆகும்.

வாசலைப் பார்த்தார்.
மழை விட்டிருந்தது.
வளைவில் மூன்றாம் ஜீப்
முனகும் சத்தம் கேட்டது.
மணி எட்டு பன்னிரண்டு.
எழுதிக்கொண்டேன்,
நேரம் என்ற கட்டத்தில்
நேரத்தை மட்டும்.