பொய்க் குடிநீர்

மெய் மருந்துக்குச் செய்முறை ஏட்டில் இருக்கிறது:
ஆடாதோடை, தூதுவளை, வேர்க்கொம்பு, திப்பிலி,
எட்டுக்கு ஒன்றாய் வற்றக் காய்ச்சு.
பொய் மருந்துக்கு ஏடில்லை.
அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது.

நிறம் ஒன்றாயிருக்க வேண்டும், மணமும்.
தொண்டையில் இறங்கும்போது முகம் கோணுமே,
அந்தக் கோணலும் ஒன்றாயிருக்க வேண்டும்.
உள்ளே மட்டும்
ஒன்றும் இருக்கக் கூடாது.

சீனியைக் கருக்கினேன், நிறம் வந்தது.
கசப்புத்தான் கிடைக்கவில்லை.
திருகோணமலைச் சந்தையில்
எந்தக் கசப்பைத் தொட்டாலும் அது எதற்கோ மருந்து.
பாகற்காய் என்றேன்,
சீனி வருத்தத்துக்கு என்றாள் மரக்கறிக்காரி.
வேப்பம்பூ பித்தத்துக்கு. வெந்தயம் வயிற்றுக்கு.
'ஒன்றுக்கும் உதவாத கசப்பு ஏதும் இருக்கா அக்கா?'
'இருக்குத் தங்கச்சி, வீட்டில படுத்திருக்கு.'

கடைசியில் கொழும்பிலிருந்து வந்தது ஒரு சின்னப் போத்தல்.
நகம் கடிக்கும் பிள்ளைகளின் விரலில் பூசுவது.
ஒரு பானைக்கு ஒரு சொட்டு.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
என் ஐந்து வருடப் படிப்பு
வித்தியாசம் சொல்லவில்லை.

றிஸ்மியா கதவைப் பூட்டிக்கொண்டு எண் ஒட்டினாள்.
எது எதுவென்ற பட்டியல்
அரக்கு முத்திரைக்குள், இரும்பு அலுமாரிக்குள்.
காய்ச்சிய சக்கையை மதிலோரம் கொட்டினோம்.
டவுன் மான்கள் வந்து மோந்து பார்த்து
பாண் சுற்றிய கடதாசியைத் தின்றுவிட்டுப் போயின.

கார்த்திகை மழையோடு மனிதர்கள் வந்தார்கள்.
மூக்கில் குச்சி விட்டு, வைரஸ் உண்டென்று உறுதியாக்கி,
ஆளுக்கு ஒரு போத்தல், ஒரு கொப்பி.
நாற்பத்தொன்றாம் எண், அந்திரேஸ், பாலையூற்று:
'இண்டைக்குக் கடலுக்குப் போகேல்ல. இருமல் பன்னிரண்டு. மழை.'
'இருமல் ஏழு. மனுசி ஏசினாள்.'
'இருமல் மூண்டு. வலை பின்னினன்.'
சோமசீலி சிங்களத்தில் எழுதியிருந்தாள்,
இருமல் அப்படியேதான், நித்திரை மட்டும் வந்ததென்று.
நான் தினமும் பின்னேரம் எல்லோருக்கும் போன் எடுத்தேன்,
கேள்விகள் அச்சடித்த தாளில் இருந்தபடி,
ஒரு சொல் கூட்டாமல்.

அறுபத்துமூன்றாம் எண்ணுக்கு ஆறாம் இரவு மூச்சு முட்டியது.
ஆஸ்பத்திரிக் கொரிடோரில் மகள் என் கையைப் பிடித்தாள்.
'நல்லாக் கசந்தது எண்டு சொன்னவர்.
சரியான மருந்துதானே குடுத்தனீங்கள்?'
தெரியாது என்றேன்.
அவள் அதை நம்பவில்லை.
முத்திரையை உடைக்கலாம், விதியில் இடமுண்டு.
வார்ட் டொக்டரைக் கேட்டேன்.
'தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்கள்?
ஒட்சிசன் ரெண்டு பேருக்கும் ஒண்டுதான்.'
ஜன்னலுக்கு வெளியே துறைமுக விளக்குகள்
மழையில் கரைந்துகொண்டிருந்தன.
அவர் பிழைத்தார்.
அதற்கும் ஒரு கட்டம் இருந்தது படிவத்தில்.

மாசியில் முத்திரையை உடைத்தோம்.
அறுபத்துமூன்று குடித்தது மெய்.
சோமசீலியும் மெய்.
இரண்டு கூட்டத்துக்கும் இடையில்
அரை நாள் வித்தியாசம்,
அதுவும் தற்செயலாய் இருக்கலாம் என்றாள் றிஸ்மியா,
கணக்கை மூன்றாம் தரமும் போட்டுவிட்டு.
பெரியவர்கள் அரை நாளைத் தலைப்பாக்கச் சொன்னார்கள்.
நாங்கள் 'தற்செயலாய்' என்பதையும்
அதே அளவு எழுத்தில் போட்டோம்.
அதற்கு ஒரு வாரம் சண்டை.

பங்குனியில் அந்திரேஸ் வாசலில் நின்றான்.
சுகமான கையோடு
முழுப் பாரை ஒன்று கொண்டுவந்து தந்தவன்.
'தங்கச்சிக்குத் தடிமன். அந்தக் கசப்பில இன்னும் ஒரு போத்தல் இருக்கோ?'
சொல்லத்தான் வேண்டும். சொன்னேன்:
சீனி, தண்ணீர், நகத்துக்குப் பூசுவதில் ஒரு சொட்டு.

கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்தான்.
'அப்ப எனக்கு எதால மாறினது?'
'தானா மாறியிருக்கும்.'
'தானா.'
'ஓம்.'
சைக்கிளைத் திருப்பி, ஏறப்போய், நின்றான்.
'அப்ப அந்தப் பாரை?'
'சாப்பிட்டாச்சு' என்றேன்.