மூன்று வாய்களுக்கான பதினொரு நிமிடம்

மானிய விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம்:
'இப்படைப்பு எந்தெந்தச் சமூகங்களை இணைக்கிறது?'
எழுதினேன்: ஒரு டியூபா, ஒரு ஷெங், ஒரு மோர்சிங்.
திரும்பி வந்தது,
கருவிகளைக் கேட்கவில்லை என்று
மரியாதையான இரண்டு வரியோடு.

ஏன் இந்த மூன்று என்று எல்லாரும் கேட்டார்கள்.
மூன்றும் வாயில் பிறப்பவை என்றேன்,
ஒன்று உதட்டில், ஒன்று மூச்சில், ஒன்று பல்லிடுக்கில்.
கேட்க நன்றாக இருந்தது.
உண்மை அற்பமானது:
புதன்கிழமை இரவுகளில்
இந்த மூவருக்குத்தான் வேறு வேலை இல்லை.

ஹைருல், டியூபாவைப் பெருவிரைவு ரயிலில் கொண்டு வருவான்.
பூன் லே வரை அவன் நிற்க, அது உட்கார்ந்திருக்கும்.
வேய் ஷியென், ஷெங்கைச் சின்ன மின்னடுப்பில் காட்டிச்
சூடேற்றிக்கொண்டே பேசுவாள்.
ஈரம் ஏறினால் உள்ளே நாக்குகள் ஒட்டிக்கொள்ளுமாம்.
இந்தத் தீவில் ஈரமில்லாத நாள் எது.
வடிவு பல் மருந்தகத்தில் தாதி.
மோர்சிங் தட்டித் தட்டித்
தன் முன்பல்லில் ஒரு சில்லு பெயர்ந்ததை
மருத்துவரிடம் இன்னும் சொல்லவில்லை.

சமூக மன்றத்தின் மூன்றாம் மாடி.
பக்கத்து அறையில் வரிசை நடனம்.
பத்தரைக்கு விளக்கணைப்பார்கள்.

நாற்பத்து மூன்றாம் தாளக்கட்டில் எல்லாம் சரிந்தது.
டியூபா வாய் திறந்ததும்
மோர்சிங் காணாமல் போனது,
ரயில் நுழையும்போது
பையில் குலுங்கும் சாவிக்கொத்து மாதிரி.
மெல்ல என்று குறி போட்டேன்.
மிக மெல்ல.
அதற்கும் கீழே, இன்னும் கீழே,
கடைசியில் தாளில் எழுத்துகள்தான் மிஞ்சின.
'இத்தனை போட்டாலும் இது டியூபாதான்,' என்றான் ஹைருல்.

வாரம் ஆறு ஓடியது.
ஒரு புதன், யாரும் வாசிக்காத இடைவேளையில்
வடிவு மோர்சிங் நாக்கில் மெழுகு ஒட்டிக்கொண்டிருந்தாள்.
சுருதி இறக்க அவளுக்கு அதுதான் வழி.
வேய் ஷியென் எட்டிப் பார்த்தாள்:
'உனக்கும் மெழுகா?'
அவள் குழல்களுக்குள்ளும் அதே, சொட்டுச் சொட்டாக.
இருவரும் ஒரே சுரத்துக்கு வந்து நின்றபோது
நான் எழுதியது அதுவல்ல.
ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே,
எந்தப் பியானோவிலும் இல்லாத ஓர் இடுக்கு.

அண்ணாந்து பார்த்தோம்.
கூரையில் குளிர்சாதனப் பெட்டி
அதே சுரத்தில் இரைந்துகொண்டிருந்தது.

பிறகு எழுதுவது எளிதாயிற்று.
பதினொரு நிமிடமும் அந்த இரைச்சல்மேல் நின்றது.
நான்காவது வாய், ஊதியம் கேட்காதது.

வாட்டர்லூ தெருவில் அந்தச் சின்ன அரங்கு.
ஒத்திகைக்கு மதியமே போனோம்.
வடிவு தொடங்கினாள், நிறுத்தினாள்.
மறுபடி தொடங்கினாள்.
'தரை இல்லை,' என்றாள்.
அரங்கின் குளிர் எங்கிருந்தோ
சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.
நல்ல அரங்கு. எங்களுக்கு ஆகாத அரங்கு.

இரவு எட்டுக்கு நிகழ்ச்சி.
நான்கு மணிக்குக் கோப்பிக்கடையில்
ஹைருலின் பக்கங்களைப் பேனாவால் அடித்தேன்,
பாய்ச்சல், அவன் வீட்டில் பயின்று வந்த அந்த ஏழு தாளக்கட்டு,
எல்லாம்.
ஒரு சுரம் மட்டும் விட்டேன்.
குழலை விரல்கடை இழுத்து வைத்து
பதினொரு நிமிடமும் அதையே பிடி,
எங்கே மூச்செடுக்கிறாய் என்று எனக்கே தெரியக்கூடாது.
அவன் தேத்தாரேவைக் கலக்கிக்கொண்டே இருந்தான்,
சீனி கரைந்து வெகு நேரம் ஆகியும்.

வந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.
வடிவின் இரும்பு நாக்கு கடைசி வரிசைவரை கேட்டது.
ஆறாம் நிமிடம்
முன்வரிசைக்காரர் ஒருவர் குனிந்தபடி எழுந்து போய்
வாசலில் நின்ற பணியாளரிடம்
குளிர்சாதனம் இரைகிறது,
கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

மேடையில் ஹைருல் அதைக் கேட்டுவிட்டான்.
சிரிக்க முடியாது, வாய் முழுக்க வேலை.
கண்ணில் நீர் கோத்து
அந்தச் சுரம் ஒரு கணம் ஆடியது,
நான் எழுதாதது.
அடுத்த படியில் சேர்த்துக்கொண்டேன்.