ஐம்பத்திரண்டாயிரம் எழுத்துகள்

நாக்குமீனின் நடுமுள்ளை
ஒரே இழுப்பில் உரித்தெடுப்பவன் நான்.
உர்க் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம்.
எலும்பு எங்கே முடிகிறதென்று
என் கத்திக்குத் தெரியும்.

அக்கா ஹில்ட்யெவுக்கு அது முடியவேயில்லை.
முதலில் மோதிரத்தை அறுத்தெடுத்தார்கள்.
அப்புறம் தாடை.
அப்புறம் முகத்தின் இடப்பாதி
சிரிப்பை விட்டுவிட்டது.
மண்டையோட்டுக்குள் நரம்பு போகும் துளை
வருடத்துக்கு ஒரு நூல் சுருங்க,
நான் அவளது வலப்பக்கமாகவே
உட்காரப் பழகினேன்.

லைடனில் மருத்துவர் ஒருவர்
ரசீதின் பின்புறம் வரைந்து காட்டினார்:
எலும்பு கட்டும் செல்களில் சில
தாம் எழுப்பிய சுவருக்குள்ளேயே
அகப்பட்டுக்கொள்ளும். சாவதில்லை.
மயிரிழைக் கால்வாய்களில் கைநீட்டி
மேலே இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு
ஒரு புரதம் அனுப்பும்.
'போதும்' என்று அதற்கு அர்த்தம்.
ஸ்க்ளிரோஸ்டின்.
மீன் பெயர் மாதிரி இருக்கிறதே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

அக்காவிடம் அந்தச் சொல் இருக்கிறதாம்,
எழுத்துப்பிழைகூட இல்லாமல்.
கொஞ்சம் தள்ளி,
அதைச் சொல்லச் சொல்லும் இடம்தான்
காணவில்லை.
ஐம்பத்திரண்டாயிரம் எழுத்துகள்.
அப்பாவின் ஒரு பிரதியில் அந்தக் கிழிசல்,
அம்மாவின் ஒரு பிரதியில் அதே கிழிசல்.
சுற்றிலும் கடலாயிருந்த காலத்தில்
பெண்ணெடுக்க எத்தனை தூரம்தான் போவார்கள்?
எனக்கு ஒரு கிழிசலோடு சரி.
எனக்கு ஒன்றும் ஆகாது.
அதை அவர் இரண்டு முறை சொன்னார்,
நான் கேட்கவேயில்லை.

எதிர் மேசையில் மீன் அறுக்கும் ஃபொக்யெ
ஐஸ் பெட்டியைத் தூக்கியவள்
அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.
முதுகெலும்பில் இரண்டு கட்டை
ரஸ்க் மாதிரி நொறுங்கியிருந்தது.
மாதம் இரண்டு ஊசி போடுகிறார்கள்.
எலும்புக்குள்ளிருந்து வரும் 'போதும்' என்பதை
வழியிலேயே பிடித்து வாயடைக்கும் மருந்து.
ஒரு வருடம். பிறகு நிறுத்திவிடுவார்கள்.
நிறுத்த முடிவதுதான் அதில் விசேஷம்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள்,
துணியில் சுற்றிய புகையூட்டிய விலாங்கோடு.
அக்காவின் வலக்காதில் கத்தினாள்:
"உங்களைப் போன்றவர்களைப் பார்த்துத்தான்
இந்த மருந்தே கண்டுபிடித்தார்களாம்!"
அக்கா யோசித்தாள்.
"என்னிடம் இல்லாததைப் பார்த்து" என்றாள்.
பாதி முகத்தால்தான். கோபமா, கேலியா,
தம்பி எனக்கே பிடிபடவில்லை.

பிறகு எழுந்துபோய்க் காபி ஊற்றினாள்.
கோப்பை நிரம்பியது, தட்டு நிரம்பியது.
ஃபொக்யெ போதும் போதும் என்றாள்,
இடக்காதின் பக்கமாக உட்கார்ந்துகொண்டு.