முந்தைய ஆளின் நோட்டு

கடை திறந்த அன்று பரிசாக வந்தவை நான்கு புத்தகங்கள்.
ஒன்றில் தொண்ணூறே நாளில் லாபம்.
இன்னொன்றின் அட்டையில் டை கட்டிய சிங்கம்.
மூன்றாவதை மைத்துனர் தானே படிக்கக் கேட்டு வாங்கிப்போனார்,
அவருக்கும் ஒரு கடை இருந்தது அப்போது.
நான்காவது சரியான கனம்.
ஆடிக்கொண்டிருந்த குளிர்பெட்டியின் காலுக்கடியில் வைத்தேன்.
இன்றுவரை ஆடவில்லை.
எழுதியவர் நன்றாயிருக்கட்டும்.

கியும்ரியில் ஜனவரி என்றால்
வண்டியிலிருந்து இறக்குவதற்குள் பால் கட்டியாகிவிடும்.
ஆறு மணிக்குமேல் தெருவில் நாய்கூட இல்லை.
படிக்க நேரம் கிடந்தது.

கல்லாவின் அடி இழுப்பறையில்
பசை காய்ந்த டேப்புக்கும் ஒற்றைக் கையுறைக்கும் நடுவே
அகாசியின் கடன் நோட்டு.
எனக்கு முன் இதே கடையைப்
பதினொரு மாதம் நடத்திப் பூட்டியவன்.

ஏப்ரலில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருக்கிறான்.
பெயர், பொருள், தொகை, கையெழுத்து.
ஜூனில் கோடு கோணுகிறது. பெயர்களும் போய்விட்டன:
மூன்றாம் மாடி, இருமுபவர்.
தச்சர், மகள் கல்யாணம் முடிந்ததும்.
செப்டம்பரில் பள்ளி திறக்கிறது;
ஊர்ப் பணமெல்லாம் செருப்புக்கும் பைக்கும் போக
இவனிடம் விற்றது சூரியகாந்தி விதை மட்டும்.

அக்டோபர் பக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.
ரொட்டி வரவு அறுபது. விற்றது நாற்பத்தொன்று.
மறுநாள் வரவு அறுபது. விற்றது முப்பத்தெட்டு.
மறுநாளும் அறுபது.
ஒன்பது நாள், ஒரே கையெழுத்தில், அறுபது.
தாளைப் பார்த்துக் கத்தினேன்:
குறை, தம்பி, குறையேன்!
காலையில் பேக்கரிக்காரர் போனில் கேட்டார்,
வழக்கம்போலத்தானே, சிரானுஷ்?
அறுபது என்று வாய்வரை வந்துவிட்டது.

நவம்பர்.
சிவப்பு பூட்ஸ் பெண்.
பால், தீப்பெட்டி, மாவு. 1,340 திராம்.
வெள்ளிக்கிழமை தருவாள்.
அதன் கீழே இன்னொரு வெள்ளி. அடித்திருந்தான்.
அதன் கீழே இன்னொன்று.
பிறகு அடிக்கவும் இல்லை.

கதவோரம் செய்தித்தாளின்மேல் காய்ந்துகொண்டிருந்தன
என் பூட்ஸ்.
மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான்.
அந்த வெள்ளிக்கிழமை நான் எதிர்ச்சாரியில் நடந்தேன்.
அந்தக் குளிர்காலம் முழுக்க எதிர்ச்சாரியில்தான் நடந்தேன்.

ஒன்பதாம் எண் சிற்றுந்து ஓட்டுகிறான் இப்போது.
முன் இருக்கையில் ஏறி ஆயிரத்தைந்நூறை நீட்டினேன்.
சிவப்பு பூட்ஸ், என்றேன்.
கண்ணாடியில் பார்த்தான், கீழே பார்த்தான்.
பரவாயில்லை, வைத்துக்கொள் என்பான் என்று
பதிலெல்லாம் தயார் செய்து வந்திருந்தேன்.
எண்ணினான்.
கட்டணம் நூறு பிடித்துக்கொண்டு
மீதி அறுபதைக் கையில் வைத்தான்.
பாலம் தாண்டியதும் கேட்டான்,
வாடகை என்றைக்குக் கட்டுகிறாய்?
ஐந்தாம் தேதி.
காலுறை ஆலைச் சம்பளம் பத்தில்தான் வரும்.
பன்னிரண்டுக்கு மாற்றச் சொல்.
நான் கேட்காமலே விட்டேன்.
பின்னாலிருந்து யாரோ
கதவைச் சாத்துங்கள், உயிர் போகிறது, என்றார்கள்.

பன்னிரண்டுக்கு மாற்றிவிட்டேன். வீட்டுக்காரருக்கு மூன்று கேக்.
ரொட்டி நாற்பத்திரண்டு; ஞாயிறு மட்டும் ஐம்பது.
அவன் நோட்டில் என் வரியை
அளவுகோல் வைத்து அடித்தேன்.

என் நோட்டில் நேற்று எழுதியது:
பச்சைத் தொப்பிக்காரர். வெண்ணெய், ரொட்டி ஒன்று.
வெள்ளிக்கிழமை.

இன்று வெள்ளி.
எதிர்ச்சாரியில் ஒரு பச்சைத் தொப்பி
சுவரைத் தொட்டுத் தொட்டுப் போகிறது.
அந்தப் பக்கம் விளக்கில்லை,
மருந்துக்கடை வாசலில் பனிக்கட்டி வேறு,
இடதுகாலை முதலில் வைக்க வேண்டும் அங்கே.