பதினோராவது கயிறு

ஜூபாவில் படகு ஏறும்போதே
கேப்டன் ஒதௌ சொல்லிவிட்டார்:
"கிடென், கணக்கை இரண்டு நோட்டில் எழுது.
ஒன்று முதலாளிக்கு,
ஒன்று ஆற்றுக்கு."

முதலாளியின் நோட்டில்
சோளம் நானூறு மூட்டை,
உப்பு, வெங்காயம், சலவைச் சோப்பு,
நீலப் பிளாஸ்டிக் நாற்காலி அறுபது,
நிமுலே வழியாக லாரியில் வந்த
உகாண்டா டீசல் பதினெட்டுப் பீப்பாய்.
டீசலுக்கு அருகில் ஒரு வரி எழுதி
பிறகு அடித்துவிட்டேன்:
எங்கள் காலடியில் ஊறுவது
குழாயேறி வடக்கே கடலுக்குப் போகிறது,
நாங்கள் பக்கத்து வீட்டில்
கைமாற்று கேட்டு நிற்கிறோம்.

ஆற்றின் நோட்டில் கயிறுகள்.
வாய்க்கால் குறுகும் இடமெல்லாம்
கரைக்குக் கரை ஒரு கயிறு,
கயிற்றுக்கு ஒரு மரம்,
மரத்தடியில் துப்பாக்கியோடு ஒரு பையன்,
அவனுக்குப் பின்னால், நிழலில், மேசை.
மேசைமேல் முத்திரை.

மாநிலம் பத்தாக இருந்தது.
இருபத்தெட்டானது. முப்பத்திரண்டானது.
திரும்பவும் பத்து, ஓரமாக இன்னும் மூன்று.
இதில் வீடு கட்டி முடித்தவர்
கோன்யோ கோன்யோ சந்தையில்
ரப்பர் முத்திரை வெட்டும் தொம்பே ஒருவர்தான்.
பழைய முத்திரையை யாரும் எறியவில்லை.
நான்காம் கயிற்றின் ரசீதில்
இப்போது இல்லாத ஒரு மாநிலத்தின் ஆணையர்
தெளிவான ஊதா மையில்
நன்றி சொல்லியிருந்தார்.

தளத்தில் அறுபத்திரண்டு பேர்.
இறங்கும் ஊரைக் கேட்டேன்,
இனத்தைக் கேட்கவில்லை.
அது கயிற்றின் வேலை.
விற்கப்போகும் நாற்காலியில் உட்கார்ந்து
குழந்தைக்குப் பால் கொடுத்தாள் நியாமால்.
ஒருவர் மலக்காலுக்குக் கதவு கொண்டுபோனார்,
கீல், தாழ்ப்பாள் எல்லாம் பூட்டிய முழுக் கதவு.
வீடு எங்கே என்றேன்.
"தண்ணீர் இறங்கட்டும்" என்றார்.

போர் தாண்டினால் சதுப்பு.
வரைபடத்தில் இங்கே ஒரு நீலக்கோடு.
நேரில், கோரைப்புல்.
நேற்று இடப்பக்கம் நின்ற தீவு
இன்று வலப்பக்கம் மிதந்தது,
அதன்மேல் ஒரு நாரையும்
யாரோ விட்டுப்போன அடுப்பும்.

பதினோராவது கயிற்றில்
யாருமில்லை.

மேசை இருந்தது. பாதித் தேநீரோடு குவளை.
ஒதௌ இயந்திரத்தை அணைத்தார்.
பத்து இடத்தில் பல்லைக் கடித்துத் திட்டியவர்கள்
இங்கே மூச்சுவிடவும் தயங்கினார்கள்.
வாங்குபவன் இருந்தால் விலை தெரியும்.
ஓடியது யார், வரப்போவது யார்,
எந்தத் தளபதி இரவோடிரவாக
எந்தத் தளபதியோடு சேர்ந்தார்,
எதுவும் தெரியவில்லை.
வானொலியில் டாலர் விலை மட்டும் வந்தது.
அறுபத்திரண்டு பேரில்
கத்தி வைத்திருந்தவர்கள் நிறையப் பேர்.
கயிற்றை ஒருவரும் தொடவில்லை.

வெயில் சாய்ந்தபோது கோரைக்குள்ளிருந்து
ஒரு மீன்காரி தோணியில் வந்தாள்.
துடுப்பால் கயிற்றை உயர்த்தினாள்,
கொடியில் காயும் துணியை விலக்குவதுபோல.
"போங்களேன்."

செங்கல் கனத்துக்கு பவுண்டுக் கட்டை நீட்டினேன்.
சிரித்தாள். "இது மீனில் ஒட்டாது, உப்பு கொடு."
இரண்டு கிலோ அளந்தேன்.
வாங்கிக்கொண்டு கேட்டாள்:
"ரசீது எழுதித் தரட்டுமா?"
படகு முழுக்கச் சிரித்தது,
கதவுக்காரர்கூட.

பன்னிரண்டாவது கயிற்றில் பையன்
ரசீதுகளை விரல்விட்டு எண்ணினான்.
இரண்டு முறை எண்ணினான்.
"பதினொன்று எங்கே?"
அங்கே ஆள் இல்லை என்றேன்.
"பிறகு கயிற்றைத் தூக்கியது யார்?"

தோணி எந்தப் பக்கம் திரும்பியதென்று
எனக்குத் தெரியும்.
ஒதௌ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நியாமால் குழந்தையை மறுபக்கம் மாற்றினாள்.

"தண்ணீர் ஏறியிருந்தது,
கயிறு தானாக மூழ்கிவிட்டது" என்றேன்.

நம்பவில்லை.
பதினொன்றுக்கும் சேர்த்து வாங்கினான்,
சோப்பு ஒரு பெட்டி கூடுதலாக.
அடிக்கட்டையிலிருந்து கிழித்துக் கொடுத்த தாளில்
அதே ஊதா மை, அதே ஆணையர், அதே நன்றி.

ஆற்றின் நோட்டில் எழுதினேன்:
பதினொன்று, உப்பு இரண்டு கிலோ.
அதன் கீழே,
பதினொன்று, மறுபடியும்.