ஏழாம் லேன்

ஆம்புலன்ஸுக்குச் சீட்டு கிடையாது.
பதினோரு வருஷமாகக் கிருஷ்ணகிரி டோல்கேட்டில்
சைரன் கேட்டதும் பொத்தானை அழுத்துவேன்.
கட்டை எழும்.
உள்ளே யாரென்று பார்த்ததில்லை.
அன்று உள்ளே நான் இருந்தேன்.
ஏழாம் லேனில் ரெஜினா கட்டையைத் தூக்கினாள்.
அவளும் பார்க்கவில்லை.

காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் டிரம் உருட்டிக்கொண்டிருந்தவன்
போனில் சொன்னான்:
"அக்கா, மண்டையில தேங்கா ஒடைச்ச மாதிரி இருக்கு."
எங்கள் கோயிலில் நிஜமாகவே உடைப்பார்கள்.
உடைபட்டவர்கள் எழுந்து பந்திக்குப் போவார்கள்.
திம்மராயன் எழவில்லை.

ஓசூரில் டாக்டர்
ஸ்கேன் உறையின் பின்பக்கம் வரைந்தார்.
ஒரு ரத்தக்குழாய், அதில் ஒரு கொப்புளம்,
கொப்புளத்தில் கீறல்.
கழுத்து குறுகலென்றால்
பிளாட்டினச் சுருளை உள்ளே அடைத்துவிடலாமாம்.
இவனுக்குக் கழுத்து அகலம். சுருள் நழுவும்.
தாங்கிப் பிடிக்க ஒரு வலை வேண்டும், ஸ்டென்ட்.
திறந்து கிளிப் போடலாமென்றால் இடம் ஆழம்.

வலை வைத்தால் அதன்மேல் ரத்தம் உறையும்.
உறையாமலிருக்க மருந்து.
மருந்து கொடுத்தால்
ஏற்கெனவே கசிந்த மண்டையில்,
நீர் வடியத் துளைபோட்டுக் குழாய் சொருகிய மண்டையில்
மறுபடியும்
என்றவர் பேனாவை மூடினார்.

நூற்றுக்கு எத்தனை பேர் என்று கேட்டேன்.
சொன்னார். எழுதியும் காட்டினார்.
சில்லறையில் பிழைப்பவள் நான்,
நூறுக்கு மீதி எவ்வளவென்று விரலே சொல்லும்.
தம்பி ஒருத்தன்.
ஒருத்தனுக்கு என்ன மீதி தருவது?

படிவத்தில் நான்காவது வரியில் மரணம் இருந்தது,
'தொடையில் வீக்கம், சிராய்ப்பு' என்பதற்கு அடுத்து,
அதே எழுத்தளவில்.
கையெழுத்தில் என் பெயரின் கடைசி எழுத்தை விட்டுவிட்டேன்.
யாரும் கேட்கவில்லை.

ஐந்து மணி நேரம்.
கேன்டீன் டிவியில் ராயக்கோட்டைத் தக்காளி விலை
கீழே ஓடிக்கொண்டே இருந்தது.

வலை நின்றது.
மூன்றாம் நாள் இடது கை விழுந்தது.
"சின்ன உறைவு, கடுகளவுதான்" என்றார்கள்.
கடுகைப் பற்றி எங்களுக்குத் தெரியும்.

இப்போது ஆவணி.
கை தோள்வரை வருகிறது, விரல்கள் இன்னும் வரவில்லை.
தினம் காலையில் மாத்திரையை நானே
நாக்கில் வைத்து வாயை மூடச் சொல்கிறேன்.
நேற்று வலது கையால் சவரம் செய்துகொண்டான்.
பிளேடு தாடையில் பட்டது.
வெள்ளைத் துணியை அழுத்தினேன். நிற்கவில்லை.
எட்டு நிமிடம். ஒன்பது.
அவன் பயந்துபோய் என்னைப் பார்த்தான்.
நான் சிரித்துவிட்டேன் போல.
ஓடுகிறதே.
அந்தக் கம்பி வலைக்குள்ளும்
இப்படித்தானே ஓடிக்கொண்டிருக்கும்.

பதின்மூன்றாம் நிமிடம் நின்றது.
அதுவும் நல்லதுதான் என்று
துணியை அலசப் போட்டேன்.
இரண்டு மணி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.