பதினொன்று நாற்பத்து நான்கு

பகலில் நான் டிஷ் பூட்டுகிறவன்.
அப்புத்தளையில் தட்டுகள் ஏறக்குறைய மல்லாந்தே கிடக்கும்;
மழை விட்டபின் ஏணி வைத்து ஏறி
தேங்கிய தண்ணீரைத் துடைப்பதும் என் தொழில்தான்.
முந்நூறு கூரைகளில் திருகு முடுக்கி
முகம் பார்த்திராத ஒன்றுக்கு நேராக்கியிருக்கிறேன்.
மீட்டரின் கீச்சொலி மட்டுமே எங்களுக்குள் பழக்கம்.

முகம் பார்க்கத்தான் இந்த ஆறங்குலத் தொலைநோக்கி,
பண்டாரவளையில் கைமாறி வாங்கியது.
மோட்டார் கிடையாது. அதுவே நல்லதாய்ப் போயிற்று.

உச்சிக்குத் தெற்கே, ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவு.
குழலை அசைக்காமல் விட்டுவிட்டுக்
கண்ணை மட்டும் வைத்திருக்க வேண்டும்.
பெரட்டு கலைந்து மலைக்குப் போகிறவர்கள்போல
நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாய் விளிம்பு தாண்டும்.
போகாமல் நிற்கும் மூன்று புள்ளிகள்,
ஒரே காம்பராவில் ஒதுங்கிய குடும்பம்போல்
இடிக்காமல், விலகாமல்.
முப்பத்தாறாயிரம் கிலோமீற்றர்.
அங்கேயும் இட நெருக்கடி.

மாசிக் கடைசி. நள்ளிரவு நெருங்க நெருங்க
நடுப்புள்ளி பெருத்து,
வெறுங்கண்ணுக்கே தெரியுமோ என்று
என்னை ஒருமுறை எழுந்து பார்க்கவைத்து,
பதினொன்று நாற்பத்து நான்குக்குச்
சிவந்தது. மங்கியது.
இல்லை.

அது போய் விழுந்தது நம்முடைய நிழலில்.
ஸ்டேசன் ரோட்டும் இஸ்டோரும் லயங்களும் சேர்ந்த
இந்த உருண்டையின் இரவு
அவ்வளவு உயரத்துக்கு நீண்டிருக்கிறது.

அதற்குள் பற்றரி இருப்பது எனக்குத் தெரியும்.
தெரிந்தும் போனை எடுத்தேன்.
கொழுந்து வாட்டும் இராவேலைக்குப் போன புருசனுக்காக
மேல்லயத்து அமராவதி விழித்திருப்பாள்.

"அக்கா, டீவியில படம் இருக்கா?"
"இருக்கே. ஏன், போயிருமா?"
"இல்லக்கா. சும்மாதான்."
"சும்மாவா? மணி என்னான்னு தெரியுமா?"

தெரியும். எழுதியும் வைத்திருந்தேன்.

அவள் பேச்சுக்குப் பின்னால்
சீரியலில் யாரோ ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்,
அந்த இருட்டுக்குள்ளிருந்து,
ஒரு சொட்டும் தடங்கலில்லாமல்.

அது வெளியே வருமுன் கீழ்ப்பள்ளத்திலிருந்து
பனி ஏறிவந்து கண்ணாடியில் பூத்துவிட்டது.
கொப்பியில் 'உள்' என்ற இடத்தில்
மணி, நிமிஷம், செக்கன்.
'வெளி' என்ற இடத்தில்
மூட்டம்.

காலையில் மேல்லயத்துக்கு ஒரு நடை போகவேண்டும்.
டிஷ்ஷுக்கு ஒன்றும் இல்லை.
அவள்தான் பயந்துபோயிருப்பாள்.